சுட்டியின் மொழி

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி மேசைமீது நகர்கிறது. அதனோடு திரையில் ஓர் அம்புக்குறியும் நகர்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நொடிதோறும் ஓர் உரையாடல் நிகழ்கிறது. அவ்வுரையாடலுக்குச் சொற்கள் உண்டு, இலக்கணமும் உண்டு. அவ்விலக்கணத்தைக் கூறும் ஆவணங்கள் எவை, அவற்றைத் தேடிக் கண்டடைவது எவ்வாறு, கண்டடைந்ததைச் சோதித்துத் தெளிவது எவ்வாறு என்பனவற்றை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

மூல ஆவணம் தேடும் ஊர்

காவிரியிலிருந்து பிரியும் அரசலாறு, கும்பகோணத்தைத் தொட்டுக் கிழக்கு நோக்கி ஓடிக் காரைக்காலில் கடலோடு கலக்கிறது. மூன்று புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள், ஒரு புறம் வங்கக்கடல் எனச் சூழப்பட்ட காரைக்கால், ஆட்சி முறையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சியின்கீழ் நெடுங்காலம் இருந்த இவ்வூர், 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை, 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி நிறைவு பெற்றது.

இவ்வரலாறு காரைக்கால் மக்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது. குடியுரிமை, குடும்ப உறவு, நிலவுரிமை ஆகியவற்றை மெய்ப்பிக்க வேண்டிய குடும்பங்கள், பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவேடுகளையும் பத்திரங்களையும் தேடிச் செல்வதுண்டு. பாட்டனார் பிறந்த ஆண்டைப் பக்கத்து வீட்டார் சொன்னால் அது செய்தி. பதிவேட்டில் காட்டினால் அது சான்று. அப்பதிவேடோ பிரெஞ்சு மொழியில் இருக்கும். எனவே ஆவணத்தைக் கண்டடைவது பாதி வேலை. அதனைப் படித்துப் பொருள் கொள்வது மீதி வேலை.

கணினித் துறையில் புகும் மாணவர்களுக்கும் இதே பழக்கம் தேவைப்படுகிறது. 2010இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் இயங்கிவருகிறது. பொறியியல் கல்லூரியும் கலை அறிவியல் கல்லூரிகளும் இம்மாவட்டத்தில் உள்ளன. இங்குள்ள மேல்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, கைவிரல்களை அசைக்க இயலாத தன் தோழிக்காகக் காலால் இயக்கும் சுட்டி ஒன்றைச் செய்ய விரும்புகிறாள் எனக் கொள்க. மரப்பலகையும் அழுத்துபொத்தான்களும் எளிதில் கிடைக்கும். ஆனால் அப்பலகை கணினியிடம் என்ன சொல்ல வேண்டும்? எந்த வரிசையில் சொல்ல வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஊகத்தால் விடை காண இயலாது. யாரோ ஒருவர் எழுதிவைத்த குறிப்பேடு வேண்டும்.

பெயரே பொருள் சொல்லும்

இக்கருவிக்கு ஆங்கிலத்தில் எலி என்னும் பொருளுடைய ‘மவுஸ்’ என்பது பெயர். கம்பி வால்போல் நீண்டதால் அப்பெயர் அமைந்தது என்பர். பிரெஞ்சு மொழியினரும் எலியைக் குறிக்கும் ‘சூரி’ என்னும் சொல்லையே வழங்குகின்றனர். தமிழ் அவ்வழியில் செல்லவில்லை; உருவத்தை விட்டுத் தொழிலைப் பற்றிக்கொண்டு ‘சுட்டி’ எனப் பெயரிட்டது.

இப்பெயர் அழகியது, பொருத்தமானதும்கூட. அ, இ, உ என்பன சுட்டெழுத்துகள். ‘அவ்வீடு’ என்று ஒருவர் கூறும்போது, அவர் நிற்கும் இடம் தெரிந்தால்தான் எந்த வீடு என்பது விளங்கும். சுட்டு தனித்து நின்று இடத்தை உணர்த்தாது. சுட்டுவோர் நிற்கும் இடத்தைச் சார்ந்தே உணர்த்தும். கணினிச் சுட்டியும் அவ்வாறே செயல்படுகிறது. திரையில் அம்புக்குறி எங்கே உள்ளது என்பதை அது அறியாது. ‘முன்பு இருந்த இடத்திலிருந்து வலப்புறம் இவ்வளவு, மேற்புறம் இவ்வளவு’ என்று மட்டுமே அது கூறும். கூறியவற்றைக் கூட்டிக் கழித்து இடத்தைக் கணிப்பது கணினியின் வேலை. சுட்டிக்கு நிரல் எழுதுவோர் முதலில் தெளிய வேண்டிய உண்மை இதுவே.

முதல்நூல்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கெல்பார்ட் சுட்டியைப் படைத்தவர் ஆவார். அவருடைய எண்ணத்திற்கு 1964இல் முதல் வடிவம் கொடுத்தவர் அவருடன் பணிபுரிந்த பில் இங்கிலிஷ். மரத்தாலான சிறு பெட்டி, அதன் அடியில் ஒன்றற்கொன்று செங்குத்தாகப் பொருத்திய இரு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான். முதல் சுட்டியில் இருந்தவை இவ்வளவே. ஒரு சக்கரம் கிடைமட்ட நகர்வையும் மற்றொன்று செங்குத்து நகர்வையும் அளந்தன. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் அறிஞர் அவை முன் எங்கெல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார்.

1967இல் அவர் அளித்த விண்ணப்பத்திற்கு 1970ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது. அதன் எண் 3541541. அவ்வாவணத்தில் ‘எலி’ என்னும் சொல் தலைப்பாக இல்லை. ‘காட்சித் திரைக்கான கிடை–நெடு இடங்காட்டி’ என்னும் பொருள்படும் தலைப்பே உள்ளது. பழகிய பெயரை மட்டும் வைத்துத் தேடுவோர் கண்ணில் மூல ஆவணம் படாமலே போகலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது நன்னூல். கருவியைப் படைத்தோரும் தரத்தை வகுத்தோரும் எழுதும் ஆவணம் முதல்நூல். அதனைப் பின்பற்றி, வேண்டிய விளக்கங்களையும் சேர்த்து நிரலாளர்க்கென எழுதப்படும் கையேடு வழிநூல். அவ்விரண்டிலிருந்தும் சிறிது எடுத்துக்கொண்டு பாடமாகவோ குறிப்பாகவோ எழுதப்படுவது சார்புநூல். தொடக்க நிலையில் சார்புநூல் உதவும். ஐயம் எழும்போதும் இரு குறிப்புகள் முரண்படும்போதும் முதல்நூலே துணை நிற்கும்.

எந்த அடுக்கு?

‘சுட்டிக்கு நிரல் எழுதுவது எப்படி?’ என்று வினவினால் நூறு விடைகள் கிடைக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்தா. வினா தெளிவாக இல்லாததே அதற்குக் காரணம். சுட்டியின் நகர்வு, பயனர் காணும் செயலியை அடையும் முன் நான்கு அடுக்குகளைக் கடக்கிறது. கருவிக்குள் இருக்கும் உணரி முதல் அடுக்கு. கருவியிலிருந்து கணினிக்குச் செல்லும் பைட்டுகளின் நெறிமுறை இரண்டாம் அடுக்கு. அவற்றைப் பெற்று உரைக்கும் இயக்கியும் இயங்குதளமும் மூன்றாம் அடுக்கு. சொடுக்கு, இழுப்பு, உருட்டல் என நிகழ்வுகளாகப் பெறும் பயன்பாட்டு நிரல் நான்காம் அடுக்கு.

ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ஆவணம் உண்டு. உணரிக்குத் தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாள். நெறிமுறைக்குத் தர ஆவணம். இயங்குதளத்திற்கு நிரலாளர் கையேடு. பயன்பாட்டு நிரலுக்கு அந்தந்த நிரல்மொழியின் நூலகக் குறிப்பு. வரைபடப் பலகையில் கோடு வரையும் நிரல் எழுதுவோர் நான்காம் அடுக்கின் குறிப்பைத் தேடினால் போதும். காலால் இயங்கும் சுட்டியைச் செய்ய விரும்பும் மாணவியோ இரண்டாம் அடுக்குக்கு இறங்கியே ஆக வேண்டும்.

மூன்று பைட்டுகளின் இலக்கணம்

ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் பி.எஸ்./2 என்னும் கணினி வரிசையை வெளியிட்டது. அதனுடன் வந்த சுட்டி நெறிமுறை அப்பெயராலேயே வழங்குகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் சுட்டி மூன்று பைட்டுகளை அனுப்பும். முதல் பைட்டின் எட்டுப் பிட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. மதிப்பு 1 உடைய பிட் இடப் பொத்தானையும், 2 உடையது வலப் பொத்தானையும், 4 உடையது நடுப் பொத்தானையும் குறிக்கும். மதிப்பு 8 உடைய பிட் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். 16 கிடை நகர்வின் குறியையும், 32 செங்குத்து நகர்வின் குறியையும் காட்டும். எஞ்சிய இரண்டும் நகர்வு அளவு கடந்துவிட்டதை அறிவிக்கும். இரண்டாம் பைட்டு கிடை நகர்வையும் மூன்றாம் பைட்டு செங்குத்து நகர்வையும் தாங்கி வரும்.

9, 5, 3 என மூன்று எண்கள் வந்தன எனக் கொள்வோர் அவற்றை எளிதில் படிக்கலாம். 9 என்பது 8, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. எனவே இடப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது. சுட்டி வலப்புறம் 5, மேற்புறம் 3 நகர்ந்துள்ளது. அடுத்து 24, 251, 0 என்னும் எண்கள் வருகின்றன. 24 என்பது 8, 16 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. கிடை நகர்வு எதிர்க்குறியுடையது. இரண்டின் நிரப்பு முறைப்படி 251இலிருந்து 256ஐக் கழித்தால் –5 கிடைக்கும். சுட்டி இடப்புறம் 5 நகர்ந்தது என்பது பொருள். கணினி அறிவியல் பாடத்தில் கற்ற இரும எண் முறை இங்கே கைப்பொருளாகிறது.

இவ்விலக்கணத்தை அறியாதவர் 251 என்பதை வலப்புறம் 251 நகர்வு எனப் பிழைபடக் கொள்வார். அவர் எழுதிய நிரலில், கையை இடப்புறம் நகர்த்தினால் அம்புக்குறி வலப்புறம் பாயும். பிழை நிரலில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது படிக்காமல் விட்ட ஒரு வரியில் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உருளை பொருத்திய சுட்டி 1996இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் பரவலாயிற்று. பழைய கணினிகள் குழம்பாதிருக்க, அச்சுட்டி தொடக்கத்தில் மூன்று பைட்டுகளையே அனுப்பும். கணினி அதனிடம் ‘நொடிக்கு 200 முறை அனுப்புக, 100 முறை அனுப்புக, 80 முறை அனுப்புக’ என மூன்று கட்டளைகளை அதே வரிசையில் இட்டு, பின்னர் அதன் அடையாள எண்ணைக் கேட்க வேண்டும். உருளையில்லாச் சுட்டி 0 என விடையிறுக்கும். உருளையுள்ள சுட்டி 3 என விடையிறுத்து, அதுமுதல் நான்கு பைட்டுகளை அனுப்பத் தொடங்கும். மறைமொழி போன்ற இவ்வரிசையை ஆவணத்தின் துணையின்றி எவரும் ஊகித்திருக்க முடியாது.

ஐம்பத்தொன்றாம் கதவு

எம்.எஸ். டாஸ் இயங்குதளம் வழக்கில் இருந்த காலத்தில், நிரலாளர்கள் சுட்டியின் பைட்டுகளை நேரடியாகப் படிக்க வேண்டியதில்லை. சுட்டியின் இயக்கி நினைவகத்தில் தங்கியிருக்கும். 51 என்னும் எண்ணுடைய குறுக்கீட்டை அழைத்தால் அது மறுமொழி தரும். அழைக்கும் முன் ஒரு பதிவகத்தில் பணி எண்ணை இட வேண்டும். 0 எனில் சுட்டி உள்ளதா எனச் சோதித்தல். 1 எனில் சுட்டுக்குறியைக் காட்டுதல். 2 எனில் மறைத்தல். 3 எனில் இடத்தையும் பொத்தான் நிலையையும் அறிதல். 4 எனில் சுட்டுக்குறியை வேண்டிய இடத்தில் வைத்தல்.

இப்பணிகளை எல்லாம் வரிசைப்படுத்தி விளக்கும் நிரலாளர் கையேட்டை மைக்ரோசாஃப்ட் பதிப்பகம் 1989இல் நூலாக வெளியிட்டது. 1991இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. அக்காலத்தில் சுட்டியின் இலக்கணம் அறிய விரும்பியவர்க்கு அந்நூலே வழிநூலாயிற்று. விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் கைப்படியெடுத்த பட்டியல்களை நம்பினர். அப்பட்டியல்களில் எண்கள் இருந்தன. விளக்கங்கள் பல இடங்களில் விடுபட்டிருந்தன.

விளக்கம் விடுபட்டால் நேர்வதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எழுத்துத் திரையில் 80 நிரல்களும் 25 நிரைகளும் உண்டு. இடத்தை அறிய மூன்றாம் பணியை அழைத்த மாணவர், 0 முதல் 79 வரையிலான எண்ணையே எதிர்பார்ப்பார். கிடைப்பதோ 0, 8, 16, 24 என எட்டின் மடங்குகள். இயக்கி தனக்குள் 640க்கு 200 அளவுள்ள ஒரு கற்பனைத் திரையைக் கொண்டு இடத்தைக் கணிக்கிறது. கிடைத்த எண்ணை 8ஆல் வகுத்தால் சரியான நிரல் கிடைக்கும். கையேட்டில் இது சில வரிகளில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். அவ்வரிகளைக் காணாதவர்க்கு இது பல நாள் புதிராக நீடிக்கும்.

சுட்டி நகரும் மிகச் சிறிய அளவிற்கு ‘மிக்கி’ என்பது பெயர். கேலிச்சித்திரப் பாத்திரமான மிக்கி எலியின் பெயரிலிருந்து அது வந்தது.

தொகுத்தளித்தோர்

குறுக்கீடுகள் பற்றிய செய்திகள் பல நிறுவனங்களின் கையேடுகளில் சிதறிக் கிடந்தன. சில எங்கும் அச்சாகவே இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் பிரௌன் அவற்றைத் திரட்டி ஒரு பெரும் பட்டியலாக்கினார். உலகின் பல நாடுகளிலிருந்து நிரலாளர்கள் தாம் கண்டறிந்தவற்றை அவருக்கு அனுப்பினர். அவர் அவற்றை ஒப்பிட்டு, ஒழுங்குபடுத்தி, கட்டணமின்றி வழங்கினார். 2000ஆம் ஆண்டு சூலையில் வெளிவந்த அதன் 61ஆம் பதிப்பே இறுதிப் பதிப்பு. சுட்டிக்குரிய ஐம்பத்தொன்றாம் குறுக்கீட்டின் பணிகள் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன.

இப்பணியின் அருமையைத் தமிழ் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரைக்காலில் கடல் சேரும் அதே அரசலாற்றின் கரையில் அமைந்த கும்பகோணத்தில், கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியின் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். ஒரு சுவடியில் விடுபட்டதை மற்றொரு சுவடியால் நிரப்பினார், பாடவேறுபாடுகளை ஒப்பிட்டார், உரை கூறும் பொருளைச் சமண அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. சிதறியதைத் திரட்டல், ஒப்பிடல், அறிந்தாரிடம் கேட்டல், பிறர்க்கு வழங்கல் என்னும் நான்கும் ஏட்டுக்கும் கணினிக்கும் பொதுவான ஆய்வுநெறி ஆகும்.

தன்னைத் தானே விளக்கும் கருவி

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்ததால் நிரலாளர்கள் இடர்ப்பட்டனர். யு.எஸ்.பி. இணைப்புமுறை தோன்றியபோது, விசைப்பலகை, சுட்டி போன்ற மனித இடைமுகச் சாதனங்களுக்கெனப் பொதுத் தரம் வகுக்கப்பட்டது. அதன் 1.11ஆம் பதிப்பு 2001இல் வெளியாயிற்று. அதனை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

இத்தரத்தின் சிறப்பு, கருவி தன் இலக்கணத்தைத் தானே எடுத்துரைப்பதாகும். கணினியில் செருகியவுடன் சுட்டி ஒரு விவரிப்பை அனுப்புகிறது. ‘நான் ஒரு சுட்டி, எனக்கு மூன்று பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட், அடுத்த ஐந்து பிட்டுகள் வெற்றிடம், பின்னர் கிடை நகர்வு, செங்குத்து நகர்வு, இரண்டும் –127 முதல் 127 வரை’ என்பது அதன் சாரம். தர ஆவணத்தின் பின்னிணைப்பிலேயே இத்தகைய விவரிப்புக்கு முழுமையான மாதிரி தரப்பட்டுள்ளது.

காரைக்கால் மாணவி தேடிய விடை இங்கே கிடைக்கிறது. யு.எஸ்.பி. வழியாகச் சுட்டியாகவே தன்னை அறிவித்துக்கொள்ளக்கூடிய ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற சிறு மின்சுற்றுப் பலகைகள் சந்தையில் உள்ளன. காலால் ஒரு பொத்தானை அழுத்தும்போது உரிய எண்களை அனுப்பினால் போதும். கணினி அதனைச் சுட்டியாகவே ஏற்கும். தோழியின் கணினியில் புதிய மென்பொருள் எதனையும் நிறுவ வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு நுட்பம் உண்டு. பி.எஸ்./2 நெறிமுறையில் மேல்நோக்கிய நகர்வு நேர்க்குறியுடையது. யு.எஸ்.பி. தரத்தில் கீழ்நோக்கிய நகர்வே நேர்க்குறியுடையது. பழைய குறிப்பைப் படித்துப் புதிய கருவியைச் செய்தால், தோழி மேலே செல்ல விரும்பும்போது அம்புக்குறி கீழே செல்லும். இரு குறிப்புகளும் தத்தம் அளவில் சரியானவையே. தவறான அடுக்கில் தவறான காலத்துக் குறிப்பைப் பயன்படுத்தியதே பிழை.

திறந்த வீடும் பூட்டிய வீடும்

1991இல் தோன்றிய லினக்ஸ் இயங்குதளத்தின் மூல நிரலை எவரும் படிக்கலாம். சுட்டி உள்ளிட்ட உள்ளீட்டுச் சாதனங்களுக்கான விளக்க ஆவணங்கள் அம்மூல நிரலுடனேயே இணைந்து வருகின்றன. அங்கு ஒவ்வொரு நிகழ்வும் நேரம், வகை, குறியெண், மதிப்பு என்னும் நான்கு உறுப்புகளால் ஆனது. வகை 2 எனில் சார்பு நகர்வு. அதில் குறியெண் 0 கிடை நகர்வு, 1 செங்குத்து நகர்வு, 8 உருளை. வகை 1 எனில் பொத்தான். இடப் பொத்தானின் குறியெண் 272. ஆவணத்தில் ஐயம் எழுந்தால் மூல நிரலைப் படித்துத் தெளியலாம். நூலும் உரையும் ஒரே கட்டில் கிடைப்பதுபோன்ற வாய்ப்பு இது.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் வகையான ‘பாஸ்’ இயங்குதளமும் இடம்பெற்றது. ஒரு பெரிய இயங்குதளத்தின் உள்ளமைப்பைப் பயிலும் வாய்ப்பு அவ்வாறு பள்ளி மாணவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தது. அதனைத் திறந்து பார்ப்பதும் பாராமல் விடுவதும் அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது.

எல்லா வீடுகளும் திறந்திருப்பதில்லை. விளையாட்டுக்கெனச் செய்யப்படும் சுட்டிகளின் ஒளி வண்ணம், நுண்ணுணர்வு அளவு, கூடுதல் பொத்தான் ஆகியவற்றை மாற்றும் கட்டளைகளைத் தயாரிப்பாளர் பலர் வெளியிடுவதில்லை. அவர்கள் தரும் மென்பொருள் எந்த இயங்குதளத்தில் இயங்குகிறதோ அதில் மட்டுமே அவ்வசதிகளைப் பயன்படுத்தலாம். நிறுவனம் அம்மென்பொருளைக் கைவிட்டால், நல்ல நிலையிலுள்ள கருவியும் பாதிப் பயனை இழக்கும். தன்னார்வ நிரலாளர்கள் இத்தகைய சுட்டிகளுக்கும் கணினிக்கும் இடையே செல்லும் பைட்டுகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் பொருளைப் படிப்படியாகக் கண்டறிந்து, ‘லிப்ராட்பேக்’ போன்ற திறந்த மென்பொருள்களை உருவாக்கியுள்ளனர். கல்வெட்டில் சிதைந்த எழுத்தை முன்பின் சொற்களால் உய்த்துணரும் அறிஞரின் உழைப்புக்கு அது நிகரானது. தயாரிப்பாளர் சிலர் தம் நெறிமுறையின் ஒரு பகுதியைத் தாமே வெளியிட்டும் உள்ளனர்.

தேடும் முறை

இதுவரை கூறியவற்றிலிருந்து, தொழில்நுட்ப ஆவணம் தேடுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, வினாவைக் கூர்மையாக்குதல். எந்த அடுக்கு, எந்த இணைப்புமுறை, எந்த இயங்குதளம் என்பன தெளிந்த பின்னரே தேடத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, உரிய பெயரை அறிதல். மூல ஆவணம் வேறு பெயரில் இருக்கலாம். காப்புரிமையின் தலைப்பில் எலி இல்லை, யு.எஸ்.பி. தரத்தின் தலைப்பில் சுட்டி இல்லை. தமிழ்ச் சொல்லோடு அதற்கு நிகரான ஆங்கிலக் கலைச்சொல்லையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் இங்கு உதவும். மணவை முஸ்தபா போன்றோர் தொகுத்த கணினிக் கலைச்சொல் அகராதிகள் அத்தேவையை உணர்ந்து செய்யப்பட்டவையே.

மூன்றாவது, ஆண்டையும் பதிப்பையும் நோக்குதல். 1989ஆம் ஆண்டுக் கையேடு டாஸ் காலத்திற்குப் பொருந்தும். இன்றைய கருவிக்குப் பொருந்தாது. பழையது என்பதால் அது பிழையன்று. எக்காலத்திற்கு உரியது என்பதை அறிந்து கொள்ள வேண்டும்.

நான்காவது, எச்சரிக்கைக் குறிப்புகளை விடாது படித்தல். விண்டோஸ் இயங்குதளத்தில் சுட்டி நகரும்போது 512 என்னும் எண்ணுடைய செய்தி நிரலுக்கு வரும். கிடை, செங்குத்து இடங்கள் இரண்டும் ஒரே எண்ணுக்குள் பொதிந்திருக்கும். அவற்றை எதிர்க்குறி அறியாத முறையில் பிரித்தால், ஒற்றைத் திரையில் பிழை தெரியாது. முதன்மைத் திரையின் இடப்புறம் இரண்டாம் திரையை இணைத்தவுடன் இடம் எதிர்மதிப்பாகி நிரல் தடுமாறும். அம்முறையைக் கையாளற்க என ஆவணமே எச்சரிக்கிறது. விரைந்து படிப்போர் அவ்வரியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

ஐந்தாவது, சோதித்துப் பார்த்தல். படித்ததை ஒரு சிறு நிரலாக எழுதி, சுட்டியை வலப்புறம் மட்டும் நகர்த்தி எண்களைக் காண வேண்டும், பின்னர் இடப்புறம், பின்னர் மேலும் கீழும். ஆவணம் சொன்னதும் கருவி சொல்வதும் ஒத்தால் தெளிவு பிறக்கும். ஒவ்வாவிடின், ஆவணம் வேறு கருவிக்கு உரியது என்பதோ படித்த முறை தவறு என்பதோ புலப்படும்.

கண்டதைத் தமிழில் எழுதுதல்

சுட்டி பற்றிய முதல்நூல்களும் வழிநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பிரெஞ்சுப் பதிவேட்டின் முன் நிற்கும் காரைக்கால் குடும்பத்தின் நிலையே தமிழ்வழி மாணவரின் நிலையும். ஆவணம் கண்முன் இருக்கும், மொழி தடுக்கும். ஆனால் தொழில்நுட்ப ஆவணங்களின் மொழி, இலக்கிய மொழியைப்போல் விரிந்ததன்று. குறைந்த சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எண்களும் அட்டவணைகளும் மிகுந்திருக்கும். ஐம்பது கலைச்சொற்களை முறையாக அறிந்த மாணவர், அகராதியின் துணையோடு அத்தகைய ஆவணம் ஒன்றைப் படித்து முடிக்க இயலும்.

படித்தவர் அவ்வளவில் நின்றுவிடுதல் தகாது. தாம் கண்டதை, தாம் செய்த பிழைகளோடும் சேர்த்து, தமிழில் எழுதி வைத்தால் அது அடுத்து வருவோர்க்கு வழிநூலாகும். காலால் இயங்கும் சுட்டியைச் செய்து முடிக்கும் மாணவி, எந்தப் பைட்டில் எந்தப் பிட் எதைக் குறித்தது என்பதை ஒரு தாளில் எழுதித் தன் பள்ளி ஆய்வகச் சுவரில் ஒட்டி வைக்கலாம். மற்றோர் ஆண்டு, மற்றொரு மாணவர், தலையசைவால் இயங்கும் சுட்டியைச் செய்ய முனையும்போது, அத்தாளில் இருந்தே தொடங்குவார். தேடிக் கண்டவர் எழுதிவைத்ததே தேடி வருபவர்க்கு முதற்படி.

கற்பவை கற்றபின்

1. சுட்டி அனுப்பிய 10, 7, 2 என்னும் பி.எஸ்./2 பைட்டுகளைப் படித்து, அழுத்தப்பட்ட பொத்தானையும் நகர்ந்த திசையையும் எழுதுக.

2. வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மின்கருவி ஒன்றின் பயனர் கையேட்டைத் தேடி எடுத்து, அதிலுள்ள எச்சரிக்கைக் குறிப்புகளைத் தமிழில் எளிய நடையில் எழுதுக.

3. ‘சுட்டி’, ‘விசைப்பலகை’, ‘இயக்கி’ ஆகிய கலைச்சொற்கள் உருவத்தால் அமைந்தவையா, தொழிலால் அமைந்தவையா? வகுப்பில் கலந்துரையாடுக.

4. தொழில்நுட்ப ஆவணங்களைக் கருவித் தயாரிப்பாளர்கள் வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டுமா? இரு தரப்புக் கருத்துகளையும் தொகுத்துச் சொற்போர் நிகழ்த்துக.